ஹோஸ்டிங் வாங்கும் முன் கிளம்பும் வழியைப் பாருங்கள்

"எந்த ஹோஸ்டிங் நல்லது?" புதிதாக வெப்சைட் தொடங்குகிற யாரும் முதலில் கேட்பது இதைத்தான், அதாவது சைட்டை வைக்க எந்த நிறுவனத்தின் சர்வரில் இடம் வாடகைக்கு எடுப்பது என்று. நான் பெயர் எதையும் சொல்வதில்லை, பதிலுக்கு ஒன்று கேட்பேன். நாளைக்கே அந்த நிறுவனத்தை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தால் உங்கள் சைட்டை முழுசாக எடுத்துக்கொண்டு போக முடியுமா? டொமைன் (சைட்டின் இணைய முகவரிப் பெயர்), ஃபைல்கள், டேட்டாபேஸ் (சைட்டின் பதிவுகள் சேமிக்கப்படும் இடம்), மெயில் எல்லாவற்றையும்? முடியும் என்றால், நீங்கள் சேர்ந்த இடம் சுமாராக அமைந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை, வேறு இடத்துக்குப் போய்விடலாம். முடியாது என்றால், அது எவ்வளவு பேர் வாங்கிய நிறுவனமாக இருந்தாலும் உங்கள் குடுமி அவர்கள் கையில்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தத் தொழிலில் எதுவும் அப்படியே இருப்பதில்லை. ப்ளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் இரண்டும் தனித்தனியாக வளர்ந்தவை, பிறகு எண்டியூரன்ஸ் என்ற குழுமம் இரண்டையும் வாங்கியது, 2021-இல் அந்தக் குழுமமே வெப்.காம் நிறுவனத்தோடு இணைந்து நியூஃபோல்ட் டிஜிட்டல் ஆனது. 2019-இல், ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்க உதவும் மென்பொருளான சிபேனல் தன் உரிமக் கட்டணத்தை, சர்வருக்கு இவ்வளவு என்பதிலிருந்து அதில் இருக்கும் கணக்குகளின் எண்ணிக்கைப்படி என்று மாற்றியது, பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் அந்தச் சுமையை அப்படியே வாடிக்கையாளர் பக்கம் தள்ளிவிட்டன. இலவசமாக இடம் கொடுத்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009-இல் மூடியே விட்டது. இதில் எதையும் ஒரு சாதாரண வாடிக்கையாளரால் முன்கூட்டித் தெரிந்துகொண்டிருக்க முடியாது. தடுத்திருக்கவும் முடியாது. நம் கையில் இருப்பது ஒன்றுதான், எப்போது வேண்டுமானாலும் கிளம்பத் தயாராக இருப்பது.

அதில் முதல் வேலை டொமைன். ஹோஸ்டிங் வாங்கினால் முதல் வருடம் டொமைன் இலவசம் என்று போட்டிருப்பார்கள், ஆசையாகத்தான் இருக்கும். என் கருத்து, டொமைனைத் தனியாக ஒரு ரெஜிஸ்ட்ராரிடம் (டொமைன் பதிவு செய்து தரும் நிறுவனம்) வாங்குங்கள், ஹோஸ்டிங்கை வேறு இடத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே கணக்கில் இருந்தால், பில் தகராறோ கணக்கு முடக்கமோ எது வந்தாலும் சைட்டும் பெயரும் சேர்ந்தே மாட்டிக்கொள்ளும். தனித்தனியாக இருந்தால், ஹோஸ்டிங் கைவிட்டாலும், டொமைன் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வரை மாற்றி வேறு சர்வரைக் காட்டிவிடலாம், வாசகருக்கு முகவரி அதேதான். டாட் காம் போன்ற டொமைன்களைப் பதிவு செய்த முதல் 60 நாட்களுக்கு வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றப் பொதுவாக விட மாட்டார்கள், அதனால் "இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும், அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம்" என்ற திட்டம் நடக்காது. அப்புறம், பதிவில் உரிமையாளராக உங்கள் பெயர் இருக்க வேண்டும். சைட்டை வடிவமைத்துக் கொடுக்கிறவர் தன் பெயரில் டொமைனைப் பதிந்து வைத்திருப்பது சர்வ சாதாரணம். அவர் நல்லவராகவே இருக்கலாம், அவர் தொழிலை விட்டுப் போய்விட்டாலோ தொடர்பு எல்லைக்கு வெளியே போய்விட்டாலோ அந்தப் பெயர் உங்களுடையது என்று நிரூபிக்க நீங்கள் அலைய வேண்டும். டொமைன் கணக்குக்குக் கொடுக்கும் மெயில் முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் நின்றுவிடும், நினைவூட்டல் எங்கே வரும்?

சரி, எந்த வகை ஹோஸ்டிங்? இதில் பலர் தேவைக்கு மேல் வாங்குகிறார்கள். உங்களைப் பற்றிய நாலு பக்கம், செய்த வேலைகளின் படங்கள், தொடர்பு விவரம் இவ்வளவுதான் சைட் என்றால் ஸ்டாட்டிக் பக்கங்களே, அதாவது டேட்டாபேஸ் இல்லாத வெறும் ஃபைல்களே போதும். கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் போன்ற இடங்களில் இலவசமாகவே வைக்கலாம். கிட்ஹப் பேஜஸில் சைட்டின் அளவு 1 ஜிபியைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு உண்டு, எழுத்தும் சில படங்களும் இருக்கிற சைட்டுக்கு அது தாராளம். கிளம்புவதும் இதில்தான் மிகச் சுலபம், ஃபோல்டரை எடுத்து இன்னொரு இடத்தில் போட்டால் முடிந்தது. பதிவுகளை எழுதி வெளியிட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் வேண்டும் என்றால், ஒரே சர்வரைப் பலர் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் தொடங்கலாம். விபிஎஸ் (உங்களுக்கென ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) பக்கம் உடனே ஓட வேண்டாம், அதில் சர்வரின் பாதுகாப்பு அப்டேட்டுகள், ஃபயர்வால் எல்லாம் உங்கள் பொறுப்பு, அதைத் தொடர்ந்து கவனிக்க நேரமோ ஆர்வமோ இல்லாதவர் கையில் விபிஎஸ் கொஞ்ச நாளில் ஓட்டை விழுந்த சர்வராக நிற்கும். இழுத்துப்போட்டுக் கட்டும் பில்டர்கள் ஆரம்பத்தில் ரொம்ப வசதி, ஆனால் பலவற்றில் நீங்கள் கட்டியதை அப்படியே எடுத்து வேறு சர்வரில் வைக்க முடியாது. சேரும் முன் இந்த ஒன்றை மட்டுமாவது கேட்டுவிடுங்கள்.

ஷேர்டு ஹோஸ்டிங் விளம்பரங்களில் "அன்லிமிடெட்" என்று பெரிதாக இருக்கும். எந்த ஹார்டு டிஸ்க்கும் எல்லையில்லாமல் இருக்க முடியாது, எல்லை வேறு பெயரில் உள்ளே இருக்கும். ஐநோட் என்று ஒரு கணக்கு உண்டு, அது ஃபைல்களின், ஃபோல்டர்களின் எண்ணிக்கை. இடம் மிச்சம் இருந்தாலும் ஐநோட் தீர்ந்துவிட்டால் புதிய ஃபைல் எதையும் சேர்க்க முடியாது, மெயில்கூட வராது. அதேபோல சிபியு, நினைவகம், ஒரே நேரத்தில் ஓடக்கூடிய செயல்பாடுகள் எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. திடீரென்று ஒருநாள் கூட்டம் வந்து சைட்டில் 508 என்ற பிழை தெரிந்தால் அநேகமாக அந்த வரம்பைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். இந்த எண்களை வெளிப்படையாகப் போட்டிருக்கிற நிறுவனத்தை நான் நம்புவேன். சப்போர்ட்டில் கேட்டும் சொல்லாத நிறுவனத்தைத் தாண்டிப் போய்விடுவேன்.

விலையில் பார்க்க வேண்டியது இரண்டாம் தடவை கட்டப் போகும் தொகையை. முதல் பக்கத்தில் இருக்கும் மாதக் கணக்கு பெரும்பாலும் மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் கிடைக்கும், புதுப்பிக்கும்போது அதே திட்டம் இரண்டு மூன்று மடங்கு ஆவது இந்தத் தொழிலில் வழக்கம். இந்த விவரம் எங்கேயோ சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள். எனக்குப் பிடித்த வழி, முதலில் மாதாமாதம் கட்டுவது. கொஞ்சம் கூடுதலாகப் போகும், போகட்டும். மூன்று வருடத்தை மொத்தமாகக் கட்டிவிட்டவர் பிரச்சினை வந்தாலும் "பணம் கட்டியாச்சே" என்று அங்கேயே உட்கார்ந்திருப்பார். பணம் திருப்பித் தரும் உத்தரவாதம் இருந்தாலும் அது எத்தனை நாள், டொமைன் கட்டணம் அதில் கழியுமா என்று படித்து வையுங்கள். வாசகருக்கும் சைட்டுக்கும் இடையிலான இணைப்பைக் குறியாக்கம் செய்ய உதவும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் அதை இலவசமாகவே கொடுத்து வருகிறது, சாதாரண சைட்டுக்கு அதுவே போதும்.

"டாப் 10 ஹோஸ்டிங்" பட்டியல்களை நம்பி வாங்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை நீங்கள் அந்த லிங்க் வழியாக வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன் வருகிற ஏற்பாட்டில் எழுதப்பட்டவை.

99.9 சதவீத அப்டைம் (சைட் நிற்காமல் ஓடும் நேரம்) என்று எல்லோரும் போடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது மாதத்துக்கு 43 நிமிடம், வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் சைட் நின்றாலும் வாக்கு மீறவில்லை என்று பொருள். அதையும் மீறினால் பொதுவாகக் கிடைப்பது அடுத்த பில்லில் ஒரு சின்னக் கழிவு, அதுவும் கேட்டால்தான். எனவே எண்ணைவிட அவர்களுடைய நிலவரப் பக்கத்தைப் பாருங்கள். பழைய கோளாறுகளை மறைக்காமல், என்ன நடந்தது, எப்படிச் சரி செய்தோம் என்று எழுதுகிறவர்களுக்கு என் ஓட்டு.

சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பதும் முக்கியம்தான். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது, ஆகவே 10,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வருக்கு ஒருமுறை போய்வரவே குறைந்தது 100 மில்லி நொடி. முதல்முறை ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறக்கும்போது இணைப்பு ஏற்படுத்த ஒன்று, குறியாக்கத்துக்கு ஒன்று, பக்கத்தைக் கேட்க ஒன்று என்று மூன்று முறை போய்வர வேண்டியிருக்கும், திரையில் ஒரு எழுத்துகூட வருவதற்கு முன்பே 300 மில்லி நொடி போய்விடும். வாசகர்கள் எங்கே இருக்கிறார்களோ அதற்கு அருகில் சர்வரைத் தேர்ந்தெடுங்கள். படங்களை, பல ஊர்களில் நகல் வைத்து வாசகருக்கு அருகிலிருந்து கொடுக்கும் சிடிஎன் பார்த்துக்கொள்ளும்.

பேக்கப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்து எஸ்பிஜி2 என்ற கட்டடமே அழிந்தது. தங்கள் சைட்டின் பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போனது. தீ வேண்டும் என்றுகூட இல்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேபில் ஒரு ஊழியர் தவறுதலாக உண்மையான டேட்டாபேஸையே அழித்துவிட்டார், மீட்கப் போனபோது அவர்கள் வைத்திருந்த பேக்கப் வழிகளில் பல வேலை செய்யவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு நகல் இருந்ததால் தப்பித்தார்கள். மென்பொருள் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் நிலையே அது. எனவே "தினசரி பேக்கப் உண்டு" என்ற வரியோடு திருப்தி அடையாதீர்கள். அது எங்கே இருக்கிறது, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், திரும்பக் கேட்டால் கட்டணமா, நானே இறக்கிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் உங்களுடைய ஒரு நகல் அந்த நிறுவனத்துக்கு வெளியே இருக்கட்டும். வேர்ட்பிரஸ் என்றால் ஃபைல்கள் மட்டும் போதாது, டேட்டாபேஸை எஸ்க்யூஎல் ஃபைலாகத் தனியாக எடுக்க வேண்டும், உங்கள் எழுத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது.

வாங்கும் முன் சப்போர்ட்டுக்கு ஒரு உண்மையான கேள்வியை அனுப்பிப் பாருங்கள். பிஎச்பியின் (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) எந்தப் பதிப்புகள் இருக்கின்றன, எஸ்எஸ்எச் (சர்வருக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கும் வழி) அனுமதி உண்டா, ஐநோட் வரம்பு எவ்வளவு என்ற மாதிரி. கேட்டதற்குப் பதில் வருகிறதா, அல்லது எழுதி வைத்த நாலு வரியை ஒட்டி அனுப்புகிறார்களா என்பது உடனே தெரிந்துவிடும். பணம் கட்டும் முன்பே கவனிக்காதவர்கள் கட்டிய பின் கவனிக்கப் போவதில்லை.

மெயிலை ஹோஸ்டிங்கோடு சேர்க்காமல் தனிச் சேவையில் வைப்பது நல்லது. ஷேர்டு சர்வரில் பக்கத்துக் கணக்குக்காரர் ஸ்பேம் அனுப்பினால் அந்த ஐபி முகவரியே தடைப்பட்டியலில் போய், உங்கள் மெயிலும் போய்ச் சேராது.

வாங்கிய பிறகு, பணம் திரும்பக் கிடைக்கும் காலத்துக்குள்ளேயே ஒரு ஒத்திகை செய்துவிடுங்கள். சைட்டின் பேக்கப்பை இறக்கி, உங்கள் கணினியிலோ வேறொரு இலவச இடத்திலோ அதிலிருந்து சைட்டை எழுப்பிப் பாருங்கள். எழும்பினால் நிம்மதி, எழும்பவில்லை என்றால் என்ன விடுபட்டது என்று சைட் சின்னதாக இருக்கும்போதே தெரிந்துவிடும். உண்மையிலேயே மாறும் நாள் வந்தால், ஓரிரு நாள் முன்பே டிஎன்எஸ்-இல் (டொமைன் எந்த சர்வரைக் காட்டும் என்ற பதிவு) டிடிஎல் அளவை (அந்தப் பதிவின் நகலை மற்றவர்கள் எவ்வளவு நேரம் வைத்திருப்பார்கள் என்பது) 300 நொடிக்குக் குறைத்து வையுங்கள், புதிய சர்வரில் எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு முகவரியை மாற்றுங்கள், பழைய கணக்கை உடனே மூடாமல் ஒரு வாரமாவது விட்டு வையுங்கள், மூடும்போது தானாகப் பணம் எடுக்கும் அனுமதியையும் ரத்து செய்துவிடுங்கள்.