பெரியப்பாவின் ஆட்டுக் காய்ச்சல்
பெரியப்பாவுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி முழுக்க வியர்வை, இடுப்புவலி. அப்புறம் காது மந்தமானது, நடை தள்ளாடியது. முதுகுத் தண்டுநீரை எடுத்துப் பார்த்துவிட்டு, காசநோய் மூளைக்காய்ச்சலாக இருக்கும் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார்கள். "ஆடு மாடு வச்சிருக்கீங்களா?" என்று ஒரு டாக்டரம்மா கேட்ட பிறகுதான் ஆடு மாடுகளிடமிருந்து தொற்றுகிற புருசெல்லா கிருமிக்கான பரிசோதனைக்கு ரத்தம் போனது; அதுவேதான் என்று தெரிந்தது. குட்டி வீசிய (கரு கலைந்த) ஆட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்துப் போடுகிற மனிதர். காய்ச்சாத பாலும் குடிப்பார்.

1887இல் மால்ட்டா தீவில் டேவிட் புரூஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் கண்டுபிடித்த கிருமி இது. ஆட்டுப்பாலில் பரவுகிறது என்பது 1905இல்தான் தெரிந்தது! நரம்பு மண்டலத்துக்குள் நுழைந்தால் செவி நரம்பைத்தான் அதிகம் பதம் பார்க்கும்.

டாக்சிசைக்ளின், ரிஃபாம்பிசின், செஃப்ட்ரியாக்சோன் ஊசி என மாதக்கணக்கில் சிகிச்சை. இப்போது நன்றாக நடக்கிறார், காதும் பரவாயில்லை. ஆடுகளை விற்கச் சொன்னால் மட்டும் சுத்தமாகக் கேட்பதில்லை.