எண்ணமா, கணக்கா?

மன அழுத்தத்தைச் சமாளிக்க ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது பத்து வருடத்துக்கு மேலாக என் பிழைப்பு. வங்கிக்காரர்கள், ஐ.டி. பிள்ளைகள், ஆசிரியர்கள் என்று யார் கூப்பிட்டாலும் அதே பை, அதே தாள்கள்தான் போகும். அந்தத் தாளில் எனக்கு முதல் சந்தேகம் வந்தது ஒரு தனியார் மருத்துவமனையின் மாடி ஹாலில், நர்ஸ்கள் முப்பது பேருக்கு முன்னால்.

தாள் எளிமையானதுதான். என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, என்ன உணர்ச்சி வந்தது, அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன, வேறு எப்படிப் பார்க்கலாம். இதன் வேர் 1960-களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் செய்த வேலையில் இருக்கிறது. மனச்சோர்வு உள்ளவர்கள் தங்கள் கதையைச் சொல்லும்போதே, இன்னொரு பக்கம் 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்பது மாதிரி எண்ணங்கள் மின்னி மறைவதை அவர் கவனித்தார். நடந்ததற்கும் நம் உணர்ச்சிக்கும் நடுவில் அவை உட்கார்ந்திருக்கின்றன. பிடித்து எழுதினால் சோதித்துப் பார்க்கலாம்.

பிடிப்பதுதான் பெரிய பாடு. உணர்ச்சி என்ன என்று கேட்டால், "மேட்ரன் என்னை மதிக்கலைன்னு ஃபீல் பண்றேன் சார்" என்பார்கள். அது உணர்ச்சி இல்லை, எண்ணம். விரிவுரை எதுவும் எடுபடாமல், கடைசியில் நானே ஒரு நாட்டுவைத்தியம் கண்டுபிடித்தேன். சொல்வதில் 'ன்னு' வந்தால் எண்ணம். பயம், கோபம், வெட்கம் என்று ஒற்றைச் சொல்லில் முடிந்தால் உணர்ச்சி. இலக்கணப்படி தேறாது, ஆனால் வகுப்பில் வேலை செய்கிறது. அப்புறம், நம் ஆட்களுக்கு உணர்ச்சி முதலில் உடம்பில்தான் தெரியும். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, தலை கனக்கிறது. அதற்கென்று ஒரு கட்டம் சேர்த்த பிறகு யாரும் வெற்றுத்தாள் கொடுத்ததில்லை.

அன்றைக்கு மூத்த சிஸ்டர் ஒருவர் எழுதியதைப் படித்துக் காட்டினார். நைட் டூட்டி. மனதில் ஓடியது: 'இன்னைக்கு ஏதாவது தப்பு நடந்துடும்.' உணர்ச்சி: பயம், நூற்றுக்குத் தொண்ணூறு.

பெரிதுபடுத்திப் பார்க்கும் எண்ணத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? உற்சாகமாகக் கேட்டேன். "சரி, இதுக்கு ஆதாரம் என்ன சிஸ்டர்?"

"ஆதாரமா சார்? வார்டுல முப்பத்தாறு பெட். நாங்க ரெண்டு பேர். கணக்கு போட்டுப் பாருங்க."

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் காது சூடாகிவிட்டது. உண்மையைச் சொன்ன ஒருவரிடம் அதை வேறு மாதிரி பார்க்கச் சொல்லவிருந்தேன். ஓய்ந்துபோதலை, 'பர்ன்அவுட்' என்கிறார்களே அதை, உலக சுகாதார நிறுவனமே நோய் என்று வகைப்படுத்தவில்லை. வேலையிடத்தின் தீராத அழுத்தத்தால் வருவது என்கிறது. என் ஸ்லைடிலேயே அந்த வரி இருந்தது. படித்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் தாளையே மறுபடி எடுத்தோம். ஆதாரம் கேட்பதை விட்டுவிட்டு, "அப்புறம் என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனேன். தப்பு நடந்தால்? மெமோ வரும். வந்தால்? எல்லாரும் பேசுவார்கள். பேசினால்? கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இருபது வருஷம் பார்த்த வேலை எல்லாம் பொய்ன்னு ஆயிடும் சார்." முப்பத்தாறு பெட் என்பது கணக்கு. இது கணக்கு இல்லை, எண்ணம்.

அதற்கு மேல் அவரே சொல்லிக்கொண்டு போனார். டூட்டி முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் வார்டுக்கு மூன்று முறை போன் செய்வாராம், மருந்து சரியாகப் போட்டோமா என்று. ஒரு சோதனை பேசிக்கொண்டோம். கிளம்பும் முன் ரிஜிஸ்டரை அடுத்த ஷிப்ட் சிஸ்டரோடு சேர்ந்து ஒரு தடவை பார்ப்பது. பிறகு ஒரு வாரம் போன் இல்லை. கை துறுதுறுக்கும்போது பதற்றம் நூற்றுக்கு எவ்வளவு என்று குறிப்பது, அரை மணி கழித்து மறுபடி குறிப்பது. அடுத்த அமர்வுக்கு அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். முதல் நாள் 80, அரை மணியில் 70. ஐந்தாம் நாள் 40. ஆறாம் நாள் போன் செய்துவிட்டார், அதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். நைட் டூட்டி பயம் மட்டும் அப்படியேதான் இருந்தது. இருக்கத்தானே செய்யும், பெட்டும் ஆளும் மாறவில்லையே.

அதன் பிறகு என் தாளில் ஆதாரக் கட்டத்துக்கு முன்னால் இன்னொரு கட்டம் சேர்த்தேன்: 'இது எண்ணமா, கணக்கா?' எண்ணம் என்றால் தொடர்ந்து எழுதலாம். கணக்கு என்றால் தாளைத் திருப்பி, யாரிடம், எப்போது, என்ன கேட்கப் போகிறோம் என்று எழுத வேண்டும்.

அடுத்த பேட்சுக்கு முன் மருத்துவமனையின் ஹெச்.ஆர். அதிகாரி கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். "சார், ட்ரெய்னிங் ரொம்ப நல்லா இருந்துச்சாம். அந்தத் திருப்பி எழுதுற பகுதி மட்டும் வேண்டாமே. ஆளுக்காள் லெட்டர் எழுத ஆரம்பிச்சுட்டாங்க." அது இல்லாமல் என்னால் நடத்த முடியாது என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தார். ஒன்றரை வருடமாகிறது, இன்னும் யோசிக்கிறார்.