அரை மார்க் குறைச்ச பேப்பர்

போன தடவ வேல்யூவேஷன் கேம்ப்ல எனக்கு விழுந்தது யுஎஸ் ஹிஸ்டரி பேப்பர். பியூரிட்டன்கள் பத்தி ஒரு பத்து மார்க் கேள்வி, அதான் இங்கிலாந்து சர்ச்ச சுத்தப்படுத்தணும்னு நின்ன கிறிஸ்தவங்க. கட்டு கட்டா திருத்துறேன், எல்லாத்துலயும் ஒரே வரி, "மத சுதந்திரம் தேடி அமெரிக்கா வந்தனர், ஜனநாயகத்துக்கு வித்திட்டனர்". பசங்கள குறை சொல்ல முடியாது, பதினோரு வருஷமா நானும் அதத்தான் டிக்டேட் பண்றேன், ஆன்சர் கீயும் அதேதான்.

நடுவுல ஒரு பேப்பர். டம்மி நம்பர்ங்கறதால யாருன்னு தெரியாது. பியூரிட்டன்கள் தேடுனது அவங்களுக்கான சுதந்திரம் மட்டும்தான், அவங்க குடியேறுன மாசசூசெட்ஸ்ல 1631லயே சர்ச் மெம்பரா இருக்குற ஆம்பளைக்குதான் ஓட்டுன்னு சட்டம் போட்டுட்டாங்க, அதனால அங்க பாதிரியார்கள் ஆட்சிதான் நடந்துச்சுன்னு எழுதியிருந்துச்சு. டீ ஆறுறது கூட தெரியாம படிச்சேன்.

சர்ச் மெம்பர் ஆகறதும் லேசு இல்லங்க. கடவுளோட அருள் எனக்கு எப்படி கிடைச்சுதுன்னு சபை முன்னாடி நின்னு சொல்லணும், அவங்க நம்பணும். கிட்டத்தட்ட இன்டர்வியூ. அதுல தேறுனாதான் ஓட்டு, அப்ப யாருக்கு அருள் கிடைச்சிருக்குன்னு எப்படி கண்டுபிடிக்கிறதுங்கற சண்டை சர்ச்சுக்குள்ள மட்டும் நிக்குமா? ஆன் ஹட்சின்சன்னு ஒரு அம்மா பாஸ்டன்ல வீட்டுலயே கூட்டம் போட்டு, நல்ல நடத்தைய வச்சு ஒருத்தனுக்கு ரட்சிப்பு உண்டுன்னு சொல்ல முடியாது, நம்ம பாதிரியார்கள்ல பல பேர் தப்பா போதிக்கிறாங்கன்னு பேசுச்சு. கவர்னர் ஹென்றி வேன் அந்தம்மா பக்கம். பாஸ்டன் பூரா அந்தப் பக்கம்னு 1637 எலக்‌ஷன பக்கத்து ஊரு நியூடவுனுக்கு மாத்தி வச்சாங்க, வேன் தோத்தாரு, முன்னாடி கவர்னரா இருந்த ஜான் வின்த்ராப் திரும்ப கவர்னர். அதே வருஷம் நவம்பர்ல அவரே உக்காந்து அந்தம்மாவ விசாரிச்சு ஊரைவிட்டு தள்ளி வச்சாரு. அங்க இறையியல்தான் கட்சி அரசியல், நான் கிளாஸ்ல இத சொன்னதே இல்ல.

ஆனா அந்த பேப்பர்ல ஒரு இடம் இடறுச்சு. பாதிரியார்கள் யாரும் அங்க அரசு பதவியில உக்காரல. அவங்ககிட்ட யோசனை கேப்பாங்க, ஜான் காட்டன்ங்கற பாதிரியார்கிட்ட சட்டமே எழுதி கேட்டாங்க, ஆனா ஆண்டது ஓட்டு வாங்குனவங்கதான். அந்த ஓட்டும் சும்மா பேருக்கு இல்ல, 1634ல ஓட்டு உள்ளவங்க, ராஜா குடுத்த உரிமைப் பத்திரத்த காட்டுன்னு கேட்டு வின்த்ராப்பையே கவர்னர் சீட்ல இருந்து இறக்குனாங்க. சபையே ஒப்பந்தம் போட்டு சேந்து போதகர தேர்ந்தெடுத்து பழகுன ஆளுங்க, வேற எப்படி இருப்பாங்க? அப்ப கீல இருக்கற "ஜனநாயக வித்து"ம் முழுப் பொய் இல்ல. இதுதான் தலைய சுத்துச்சு.

ஒன்பதரை போட்டேன். சீஃப் எக்ஸாமினர் பாத்துட்டு, கீல இருக்கற பாயின்ட் ஒண்ணுமே இல்லையே, எதுக்கு இவ்ளோன்னாரு. விளக்குனேன், தலைய ஆட்டிட்டு சைன் பண்ணிட்டாரு, லஞ்ச் டைம் வேற.

அரை மார்க் குறைச்சது பாதிரியார் ஆட்சின்னு எழுதுனதுக்கு. ராத்திரி வீட்டுக்கு வந்து என் பழைய நோட்ஸ எடுத்துப் பாத்தா, மூணாம் பக்கத்துல என் கையெழுத்துலயே இருக்கு, "பாதிரியார்கள் ஆட்சி".