அப்பத்தாவுக்கு முதியோர் உதவித்தொகை வாங்கிய கதை

அப்பத்தாவுக்கு 74 வயது. சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊரில், சித்தப்பா வீட்டில் இருக்கிறார். இத்தனை நாள் முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போடாமலே இருந்ததற்குக் காரணம் சித்தியின் பயம். இருவர் பெயரும் ஒரே ரேஷன் கார்டில் இருக்கிறது, அப்பத்தாவுக்குப் பணம் வர ஆரம்பித்தால் தனக்கு வரும் மகளிர் உரிமைத்தொகை 1000 ரூபாய் நின்றுவிடும் என்று யாரோ சொன்னதைச் சித்தி அப்படியே நம்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த ஆயிரத்தில்தான் குழுக் கடன் தவணை கட்டுகிறார். ஆனால் அது உண்மையில்லை. உதவித்தொகை வாங்கும் முதியவருக்குத்தான் உரிமைத்தொகை கிடையாது. அதே வீட்டில் தகுதியுள்ள வேறு பெண் இருந்தால் அவர் வாங்கலாம் என்று 2023 ஆகஸ்டிலேயே அரசு தளர்த்திவிட்டது. இதை நான் சித்தியிடம் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

சரி என்று இ-சேவை மையத்தில் பதிந்தோம். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், போட்டோ, அவ்வளவுதான் கேட்டார்கள். பிறகு வி.ஏ.ஓ. விசாரிக்க வந்தார். "ரெண்டு மகன் இருக்காங்களேம்மா, அவங்க பாக்கலையா?" என்று கேட்டதற்கு அப்பத்தா, "பாக்குறாங்கய்யா, என் பிள்ளைக பாக்காம இருப்பாங்களா" என்று சொல்லிவிட்டார். பெற்ற பிள்ளைகள் சோறு போடவில்லை என்று வெளியாள் முன்னால் எந்தத் தாய் சொல்வாள்? ஒரு மகன் கொத்தனார் வேலைக்குப் போகிறவர், இன்னொருவர், என் அப்பா, குத்தகை நிலத்தில் மிளகாய் போடுகிறவர். இரண்டு வீட்டிலும் மாசக் கடைசியில் கையில் ஒன்றும் இருக்காது. அதையெல்லாம் யாரும் எழுதவில்லை. மகன் ஆதரவில் இருக்கிறார் என்று எழுதி மனு தள்ளுபடியானது.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்கு அப்பத்தாவையே கூட்டிப்போய் மனு கொடுத்தோம். இரண்டு மகன்களுக்கும் என்ன வருமானம், நிலம் யாருடையது, அப்பத்தா பெயரில் என்ன இருக்கிறது (ஒன்றுமில்லை) என்று ஒரே பக்கத்தில் எழுதியிருந்தேன். மறு விசாரணைக்கு ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வந்தபோது பக்கத்தில் நின்று நானே பேசினேன். நான்கு மாதம் கழித்து உத்தரவு வந்தது. விண்ணப்பிக்கிறவர்கள் விசாரணை நாளில் விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பெரியவர்கள் பிள்ளைகளை விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள்.

மாதம் 1200 ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வெறும் 200, மீதி மாநில அரசு தருவது. 2023 ஜூலை வரை மொத்தமே 1000 தான்.

ஊருக்கு மெஷின் கொண்டு வருகிற பேங்க் முகவரிடம் ரேகை வைத்துத்தான் வாங்க வேண்டும். ஐம்பது வருடம் களை பறித்த கை, கட்டை விரலில் ரேகையே இல்லை. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ஒவ்வொரு விரலாக வைத்து, கடைசியில் இடது கை மோதிர விரல் எடுத்தது. முதல் மாதம் அந்த முகவர் 20 ரூபாய் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார். வாங்குகிறவர் பைசா தரத் தேவையில்லை என்று பேங்கில் போய்ச் சொன்ன பிறகு நிறுத்தினார்.

பணம் வருவதற்கு முன்பே அது பங்கு போடப்பட்டிருந்தது என்பதுதான் எனக்கு வலித்தது. தன் வீட்டில்தானே சாப்பிடுகிறார், சிலிண்டருக்காவது ஆகும் என்று சித்தப்பா நினைத்திருந்தார். அலைந்தது நம் பிள்ளை, உரத்துக்குக் கொஞ்சம் கேட்கலாம் என்று அப்பா. இருவருமே கெட்டவர்கள் இல்லை, இல்லாத வீட்டில் 1200 என்பது அப்படித்தான் கண்ணில் படும். நான் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசினேன். அவர் அதன் பிறகு கேட்கவே இல்லை.

அப்பத்தா தானே கணக்குப் போட்டார். சித்தியிடம் 500. பிரஷர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைத்துவிடுகிறது, அதனால் வெற்றிலை, டீ, பேரப்பிள்ளைகளுக்குத் தின்பண்டம் என்று தனக்கு 400. மீதி 300 அத்தைக்கு. அத்தை கணவரை இழந்து பக்கத்து ஊரில் தனியாக இருக்கிறார், இருபது வருடமாக அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் அப்பத்தா மகன்களிடம்தான் கேட்டு நிற்க வேண்டும். முதல் முறை அந்த 300ஐக் கொடுத்துவிட்டு வந்த அன்று ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டே இருந்தார்.

இப்போது அத்தைக்கு ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்குப் பதிந்திருக்கிறோம். வி.ஏ.ஓ. விசாரணை போன வாரம் முடிந்தது. அன்றைக்கு அத்தை பக்கத்தில் அப்பத்தா உட்கார்ந்திருந்தார், கேட்ட கேள்விக்கெல்லாம் அப்பத்தாவே பதில் சொன்னார்.