பெல் அடிக்காதவள்

ஜூலை 18, 2025, வெள்ளி

உதயதேவி ரயிலில் மட்டக்களப்புக்கு வந்து இறங்கினேன். கச்சான் காற்று. ஸ்டேஷனிலிருந்து கல்லடி வருவதற்குள் தலை முழுக்கப் புழுதி. அம்மா மீன் சொதி வைத்திருந்தார். ஒரு வாரம் லீவு என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். நான் விமானப் பணிப்பெண். உண்மையில், ஒரு அறிக்கை எழுதி அனுப்பும்வரை என்னைப் பறக்க விடமாட்டார்கள். இரண்டு பக்கம்தான். இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஜூலை 19

முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

இரவுப் பயணம், எயார்பஸ் 320. எனக்குப் பின் கதவு. விமானம் ஓடுபாதையை நோக்கி மெல்ல உருண்டுகொண்டிருந்தது. சீட் பெல்ட், மடக்குத் தட்டு, சீட்டின் சாய்வு, ஜன்னல் மறைப்பு எல்லாம் பார்த்தாயிற்று. (மறைப்பைத் திறக்கச் சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள். வெளியே நெருப்போ புகையோ இருந்தால் யாராவது ஒருவர் கண்ணில் படவேண்டும், அதற்குத்தான்.) முன்னால் பேர்சர் (பணியாளர்களுக்குத் தலைவர்) 'கேபின் ரெடி' பட்டனை அமுக்கிவிட்டார். அதை அமுக்கினால் விமானிகளின் திரையில் அந்த இரண்டு சொல்லும் வரும். பின்னால் ஆட்கள் ஆயத்தம், நீங்கள் போகலாம் என்பதுதான் பொருள்.

நான் மடக்கு இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, வழக்கமான மனப்பாடத்தைத் தொடங்கினேன். கதவை எப்படித் திறப்பேன், எந்தப் பக்கம் நெருப்பு என்றால் எந்தப் பக்கம் அனுப்புவேன், உதவிக்கு யாரைக் கூப்பிடுவேன். அரை நிமிட வேலை. அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, என்னைத் தாண்டி, டொய்லட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

தலைக்குப் பக்கத்தில், விமானிகளோடும் பேர்சரோடும் பேசும் ரிசீவர். கையை நீட்டினால் போதும். நான் நீட்டவில்லை. என் கணக்கில் நாற்பது, ஐம்பது விநாடி இருந்தது. பிறகு கப்டனின் அறிவிப்பு வந்தது, என்ஜின் இரைந்தது, மூக்கு மேலே எழும்பியது. உள்ளே தடால் என்று ஒரு சத்தம்.

புருவத்தில் இரண்டு தையல். அக்கரைப்பற்றுப் பக்கத்து வாப்பா, மகளைப் பார்க்கப் போகிறவர். நான் பஞ்சை அழுத்திப் பிடித்திருக்க, "குறை நினைக்காதிங்க மகள், அவசரமாப் போச்சு" என்கிறார். என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்கிறார்.

ஜூலை 20

ஏன் எடுக்கவில்லை என்று அறிக்கையில் ஒரு கேள்வி இருக்கிறது. இன்று முழுக்க அதிலேயே நின்றேன்.

பேர்சர் 'ரெடி' கொடுத்துவிட்டார், அதை நான் மறுத்தால் அவருக்கு அவமானம். இது ஒரு காரணம். மற்றது 'ஸ்டெரைல் கொக்பிட்'. விமானம் தரையில் நகரத் தொடங்கியதிலிருந்து பத்தாயிரம் அடி தாண்டும்வரை விமானிகளிடம் வேண்டாத பேச்சு கூடாது. 1974 இல் அமெரிக்காவின் சார்லட் நகரில் ஒரு விமானம் தரையிறங்கும்போது விழுந்தது. கொக்பிட்டில் அரசியலும் பழைய கார்களும் பற்றிப் பேசிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். அதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகு 1981 இல் அங்கே சட்டமாக்கினார்கள். நல்ல சட்டம்தான். பாதுகாப்புப் பற்றிய விஷயம் என்றால் எந்த நேரமும் கூப்பிடலாம் என்று எங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் வகுப்பில் முதல் பாதியைத்தான் உரக்கச் சொன்னார்கள். ஒருவர் டொய்லட்டில் இருப்பது பாதுகாப்பா, தொந்தரவா? சோபாவில் இருந்து யோசித்தால் விடை சுலபம்.

ஜூலை 21

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் இ.போ.ச. பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்முனை ரூட். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"நீ ஏன் பெல் அடிக்கல்ல?"

"பேர்சர் ரெடி குடுத்திட்டா அப்பா."

"ரெண்டு பெல் அடிச்சாப் போகலாம், ஒண்டு அடிச்சா நிப்பாட்டு. ரெண்டு அடிச்ச பிறகு ஒரு கிழவி ஏறக் கால வச்சா என்ன செய்யிற? ரெண்டு அடிச்சிட்டன் எண்டு கையக் கட்டிக்கிட்டு நிக்கிறதா? ஒண்டு அடி. டிரைவர் ஏசுவான். ஏசட்டும். அவன்ட கண்ணாடியில பின் புட்போர்ட் தெரியாது புள்ள."

பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஜூலை 22

பழைய பயிற்சிக் கொப்பியை அலுமாரியிலிருந்து எடுத்தேன். டிரைடன் என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறேன். பரீட்சைக்குப் படித்தது, படித்த அன்றே மறந்தது.

1989 மார்ச் 10, கனடாவில் டிரைடன் என்ற சிறிய ஊர். ஃபோக்கர் எஃப் 28 ஜெட், 69 பேர். பனி கொட்டுகிறது. அந்த விமானத்தில் என்ஜினை மறுபடி ஸ்டார்ட் பண்ண உதவும் சிறு என்ஜின் பழுது, நிலையத்திலும் அதற்கான கருவி இல்லை. ஆகவே ஒரு என்ஜினை ஓடவிட்டபடியே எண்ணெய் நிரப்பினார்கள். என்ஜின் ஓடும்போது இறக்கையில் பனி நீக்கும் மருந்து அடிக்கக்கூடாது என்பது அவர்கள் விதி. அடிக்கவில்லை. இறக்கையில் பனி படிந்திருந்ததைப் பயணிகள் பார்த்தார்கள். பயணிகளாக வந்த இரண்டு விமானிகளும் பார்த்தார்கள். பணிப்பெண்ணும் பார்த்தார். யாரும் முன்னால் போய்ச் சொல்லவில்லை. விமானம் எழும்ப முடியாமல் காட்டில் விழுந்தது. 24 பேர் இறந்தார்கள், அதை ஓட்டிய இரண்டு விமானிகளும் அதில். உயிர் தப்பிய பணிப்பெண் பிறகு விசாரணையில் சொன்னதன் சாரம், விமானிகளுக்குத் தெரியும் என்று நினைத்தேன், எங்களிடமிருந்து இப்படிப்பட்ட தகவலை அவர்கள் விரும்பியதுமில்லை என்பதே.

அதே வருஷம் ஜனவரியில் இங்கிலாந்தில் கெக்வர்த் விமான விபத்து. கோளாறு இடது என்ஜினில், கப்டன் ஒலிபெருக்கியில் வலது என்கிறார். பின்னால் இருந்தவர்கள் இடப்பக்கம் நெருப்பைக் கண்டிருந்தும் பேசாமல் இருந்தார்கள். 47 உயிர்.

கொப்பியில் இதற்குக் கீழே ஒரு பூ வரைந்திருக்கிறேன். அன்று வகுப்பில் தூக்கம் வந்திருக்க வேண்டும்.

ஜூலை 23

அக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனேன். வாவிக்கு மேலே ஒரு சின்ன செஸ்னா விமானம், திமிலைத்தீவுப் பக்கம் தணிந்து போனது. "அதில நீங்க வேலை செய்வீங்களா சித்தி?" அதில் பணிப்பெண்ணே கிடையாது. விமானி தலையைத் திருப்பினால் கடைசிப் பயணியின் மடியே தெரியும். எங்களுடையதில் நடுவில் பூட்டிய கதவு, 2001 செப்டெம்பருக்குப் பிறகு துப்பாக்கிக் குண்டுக்கும் அசையாத கதவு. இந்தப் பக்கத்தில் நடப்பது அந்தப் பக்கம் தெரிய வேண்டுமானால் ரிசீவர்தான்.

வீட்டுக்கு வந்தால் பேர்சரின் வாட்ஸ்அப். 'விமானம் வேகமெடுத்த பிறகுதான் அவர் எழுந்தார் என்று எழுதினால் நம் இருவருக்கும் நல்லது, யோசி.' கெட்டவர் இல்லை. முதல் மாதம் நான் அழுதபோதெல்லாம் தேநீர் ஊற்றித் தந்தவர். ஆனால் யோசித்தால், அவரும் பின்னால் ஒரு போன் போட்டுக் கேட்காமலே பட்டனை அமுக்கினார்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. மாமாங்கத்தில் தீர்த்தம். அப்பா தாத்தாவுக்குக் கடன் கழித்தார். நெரிசலில் என் செருப்பு ஒன்று போய்விட்டது. இரவு எழுத உட்கார்ந்தேன்.

ஜூலை 25

அனுப்பிவிட்டேன். இரண்டு பக்கம் தேவைப்படவில்லை. 'கேபின் ரெடி கொடுத்த பிறகு, விமானம் ஓடுபாதைக்குள் திரும்பு முன்னர், பயணி டொய்லட்டுக்குள் போனதைக் கண்டேன். ரிசீவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கப்டனுக்கோ பேர்சருக்கோ அறிவிக்கவில்லை.' அந்த ஐம்பது விநாடியையும் எழுதினேன்.

பேர்சருக்கும் ஒரு பிரதி போட்டேன். நீலக் கோடு இரண்டும் விழுந்தன. பதில் இல்லை.

"அனுப்பிட்டியா?" என்றார் அப்பா.

"ஓம்."

"சரி, வா. மீன்காரன் வந்திட்டான்."