கந்தசட்டிக் கிழமை

20 ஒக்டோபர் 2025
தீபாவளி. பிள்ளை விடியத் தொடங்கி ஒண்டும் வாயில வைக்கேல்லை. இரவு பாத்தால் அரியதரப் பேணி வெறுமை. பாத்ரூமில தண்ணி கனநேரம் ஓடினது.

21 ஒக்டோபர்
டொக்டரிட்டப் போனம். சத்தி எடுக்க எடுக்கப் பொட்டாசியம் குறையுமாம். குறைஞ்சால் இருதயத் துடிப்பே பிசகும். இரத்தத்தில கொஞ்சம் குறைவுதான். மருந்து தந்தவர். அடுத்த செவ்வாய் திரும்ப எடுக்கவேணும்.

பகல் முழுக்கப் பட்டினி கிடந்தால் பின்னேரம் உடம்பு பறிச்சுத்தான் தின்னும், அதைப் பெருந்தீனி எண்டு ஏசாதையுங்கோ எண்டார். மூண்டு நேரச் சாப்பாடு, இடையில ரெண்டுதரம் ஏதாவது. நாலு மணித்தியாலத்துக்கு மேல வயிறு காயக்கூடாது. சின்னனில எப்பிடியான பிள்ளை எண்டு கேட்டார். கோவத்தில தன்ர பின்னலைத் தானே வெட்டினதைச் சொன்னன். மனம் கலங்கின உடன யோசியாமல் செய்துபோடுற பிள்ளையளுக்கு கட்டுப்பாடில்லாமல் திண்டுபோட்டுச் சத்தி எடுக்கிற இந்தப் புலிமியா வருத்தம் வாறது கூடவாம். நான் அதை அடங்காத்தனம் எண்டு எத்தினை தரம் அடிச்சிருக்கிறன். 1979இலதான் லண்டனில ரசல் எண்ட டொக்டர் இதுக்குப் பேர் வைச்சவராம். நான் பிறந்த வருசம்.

22 ஒக்டோபர்
விரதம் துவங்கீட்டுது. ஆறு நாளும் பிடிக்கப்போறன் எண்டு நிக்கிறாள். அம்மாவுக்குப் பெரிய சந்தோசம், பேத்திக்குப் பக்தி வந்திட்டுதெண்டு. நான் விடேல்லை. புட்டுக் கோப்பையைச் சுவரில எறிஞ்சாள். அம்மா என்னோட கதைக்கிறேல்லை. சட்டியில இருந்தால் அகப்பையில வருமெண்டு ஆறு வருசம் பிடிச்சு நான் பெத்த பிள்ளை. அவளைத்தான் இப்ப மறிச்சுக்கொண்டு நிக்கிறன். முருகா, உனக்கு விளங்கும்.

23 ஒக்டோபர்
பாண் அரை றாத்தல் காணேல்லை. கேக்கேல்லை.

25 ஒக்டோபர்
இடியப்பமும் சொதியும். நாலு இடியப்பம் சாப்பிட்டாள். எழும்ப விடாமல் விறாந்தையில இருத்தி ஒரு மணித்தியாலம் தலை இழுத்தன், பின்னினதை அவிட்டு அவிட்டுத் திரும்பப் பின்னினன். காதுக்குக் கீழ கன்னம் ரெண்டும் ஊதிக் கிடக்கு. "முகம் கொழுத்திட்டுது" எண்டு அழுறாள். அது எச்சில் சுரப்பி வீக்கம், சத்தி நிண்டால் வத்தும் எண்டு சொன்னன். கொஞ்ச நேரத்தால சொன்னாள்: "அம்மா, துவங்கினால் நிப்பாட்டத் தெரியேல்லை. என்ர கை மாதிரியே இல்லை."

அந்தக் கையைப் பிடிச்சுக்கொண்டே இருந்தன்.

27 ஒக்டோபர்
சூரன்போர். கச்சான் வாங்கிக் குடுத்தன், உடைச்சு உடைச்சுச் சாப்பிட்டாள். பக்கத்து வீட்டு அக்கா வந்து "மெலிஞ்சு வடிவாயிட்டாய்" எண்டா. கச்சான் சரையை மடிச்சு என்ர கையில தந்திட்டாள்.

28 ஒக்டோபர்
பாரணை. அம்மா நாலு மணிக்கே குசினியில. பிள்ளை இன்னும் நித்திரை. பத்து மணிக்கு இரத்தம் எடுக்கவேணும்.