தினம் ஒரு பக்கம்: நூறாவது நாள்

இன்றோடு நூறு நாள். தினமும் ஒரு பக்கமாவது எழுதுவது என்று தொடங்கினேன். நடுவில் ஏழு நாள் விட்டுப்போனது. 93 பக்கம் கையில் இருக்கிறது.

முதல் இரண்டு வாரம் என்ன எழுதுவது என்பதே பெரும்பாடாக இருந்தது. நட்பு, காலம், தனிமை என்று பெரிய பெரிய தலைப்பாக எடுப்பேன், நாலு வரியில் தீர்ந்துவிடும். பதினாறாம் நாள் வேறெதுவும் தோன்றவில்லை. சரி என்று வீட்டிலிருந்த பழைய குடையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். கைப்பிடி ஆடும், ஒரு கம்பி வளைந்திருக்கும். காற்று எந்தப் பக்கம் அடித்தால் அது மடங்கும், அப்போது எந்த விரலால் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று எழுதப்போய் இரண்டு பக்கம் ஆனது. இத்தனை வருடம் கையில் பிடித்த குடையை அன்றுதான் பார்த்தேன். அதற்கப்புறம் தலைப்புக்காக மண்டையைக் குடைவதில்லை. கண்ணில் படும் பொருள் போதும்.

ஒற்றுப் பிழையும் இந்த நூறு நாளில் குறைந்திருக்கிறது. ‘கேட்டுப் பார்த்தேன்’ என்றால் ப் வரும், ‘செய்து பார்த்தேன்’ என்றால் வராது. முன்னதில் கடைசி ‘டு’வுக்கு முன்னால் ட் என்ற வல்லின மெய் நிற்கிறது, அது வன்தொடர்க் குற்றியலுகரம். பின்னதில் ‘து’வுக்கு முன்னால் ய் என்ற இடையின மெய், அது இடைத்தொடர்க் குற்றியலுகரம். பள்ளியில் மனப்பாடம் செய்த விதிதான், ஆனால் தினமும் எழுதிச் சத்தமாகப் படித்தபோதுதான் காதுக்குப் பிடிபட்டது. இப்போது ஒற்று விட்டுப்போனால் நாக்கே இடறுகிறது.

விட்டுப்போன ஏழு நாளில் நான்கு நாள் காய்ச்சல். தொடர்ச்சி அறுந்துவிட்டதே என்று மிகவும் வருந்தினேன். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பழக்கம் உருவாவதை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரை அப்போது ஆறுதலாக இருந்தது. ஒரு செயல் தானாக வருவதற்கு ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்றும், இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பில்லை என்றும் அதில் இருக்கிறது. நான் தவறியது ஒரு நாள் அல்லவே என்ற உறுத்தல் இருந்தது, ஆனாலும் காய்ச்சல் விட்ட அன்றே ஐந்து வரி எழுதினேன்.

போன வாரம் எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். பாதிக்கு மேற்பட்ட பக்கங்களில் முதல் பத்தியே வேண்டாம். கை ஓடுவதற்காக எழுதிய வரிகள் அவை, விஷயம் இரண்டாம் பத்தியில்தான் தொடங்குகிறது. இனி எழுதி முடித்ததும் முதல் பத்தியை மூடிவைத்துப் படித்துப் பார்க்கப் போகிறேன்.

எனக்கு மிகவும் உதவியது, வாக்கியத்தைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவது. மறுநாள் வெற்றுத்தாள் முன்னால் உட்கார வேண்டியதில்லை, விட்ட வரியை முடித்தால் அடுத்தது தானாக வரும். இன்று நிறுத்திய இடம்: “சாவிக்கொத்தில் எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி ஒன்று இருக்கிறது, அதை மட்டும்”